பழத்தைக் கடித்தது யார்? வீட்டுத் தோட்டத்தில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

எலுமிச்சை ஒன்று, கொய்யா ஒன்று, மாதுளை ஒன்று, வாசலோரம் மல்லிகை, கிணற்றடியில் பப்பாளி. தமிழ்நாட்டில் கொஞ்சம் மண் மிஞ்சிய வீடுகளில் பெரும்பாலும் இவைதான் நிற்கும். இந்தச் சின்ன இடத்துக்குள்ளேயே காயைக் கெடுக்கும் பூச்சி, பூவைக் காயாக்கும் தேனீ, இரண்டையும் பிடித்துத் தின்னும் குருவி, பழுத்ததும் பங்கு கேட்டு வரும் அணில் எல்லாம் கூடிவிடும். ஆள் யாரென்று தெரியாமல் தெளிக்கும் மருந்து எல்லோரையும் சேர்த்தே அடிக்கும். அடிபட்ட பிறகு முதலில் திரும்பி வருவது தீமை செய்யும் பூச்சிதான், ஏனென்றால் அது வேகமாகப் பெருகும் இனம். அதைத் தின்னும் பொறிவண்டும் சிலந்தியும் குளவியும் வந்து சேர மாதங்கள் ஆகும். அதற்குள் அடுத்த மருந்துக்கு வேளை வந்துவிடும்.

அதனால் மருந்துப் புட்டியைத் திறக்கும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். சேதம் பகலில் நடக்கிறதா, இரவிலா? பிஞ்சிலா, பழத்திலா, தளிரிலா, முற்றிய இலையிலா? சேதப்படுத்திய உயிர் எச்சம், பல் தடம், சக்கை, நூலாம்படை என்று எதையாவது விட்டுப் போயிருக்கிறதா? இரவு எட்டு மணிக்கு மேல் கைவிளக்கோடு ஒரு சுற்றும், விடிந்தவுடன் ஒரு சுற்றும் போனாலே பாதி விடை கிடைத்துவிடும்.

## பழத்தில் ஓட்டை, கடி, அழுகல்

தோலில் சிறு கரும்புள்ளி, சுற்றிலும் மெத்தென்று இருக்கிறது, அறுத்தால் வெள்ளைப் புழு. கொய்யாவிலும் மாம்பழத்திலும் இது பழ ஈயின் வேலை. காய் பச்சை வெளிறத் தொடங்கும்போது பெண் ஈ தோலுக்கு அடியில் முட்டையைச் செருகும். கால் இல்லாத புழு உள்ளே சதையைத் தின்று வளர்ந்து, பழம் விழுந்ததும் வெளியேறி மண்ணில் சில செ.மீ. ஆழத்தில் கூட்டுப்புழுவாகும். முட்டை வைத்த பிறகு வெளியே எதைத் தெளித்தாலும் உள்ளே இருக்கும் புழுவுக்கு எட்டாது. தெளித்தும் பலனில்லை என்ற புலம்பலுக்குக் காரணம் இதுதான்.

செய்ய வேண்டியது முன்கூட்டியே. கொய்யா எலுமிச்சம்பழ அளவுக்கு வந்ததும், இன்னும் கல் போல் இருக்கும்போதே உறை போட்டுவிடுங்கள். பழுப்புக் காகித உறை, நான்-ஓவன் துணிப் பை, பழைய வேட்டித் துணியில் தைத்த பை எதுவும் சரி. செய்தித்தாள் ஒரு மழைக்குத் தாங்காது. பாலித்தீன் பை வெயிலில் உள்ளே வெந்து காயை அழுகவைக்கும். பையின் வாயைக் காம்போடு சேர்த்து இடைவெளி இல்லாமல் கட்ட வேண்டும். காகித உறையின் கீழ் மூலையில் நீர் வடிய ஒரு சிறு துளை போதும். உறைக்குள் பழுத்த கொய்யா சற்று வெளிறி, தோல் மிருதுவாக இருக்கும். அது குறையல்ல.

கடையில் கிடைக்கும் மீத்தைல் யூஜினால் (ஈயை இழுக்கும் மணப்பொருள்) வைத்த பொறியை ஆள் உயரத்தில் ஒன்று தொங்கவிடலாம். ஆனால் அதில் விழுவது ஆண் ஈ மட்டுமே. பக்கத்து வீட்டில் இணை சேர்ந்து வரும் பெண் ஈயை அது தடுக்காது. பொறி நிறைய ஈ விழுந்திருந்தால் உறை போட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அறிந்துகொள்ளலாம். அந்த அளவுக்கு அது பயன்படும். விழுந்த பழத்தைத் தினமும் பொறுக்குவதுதான் பொறியைவிடப் பெரிய வேலை. பொறுக்கியதை உரக்குழியில் போடக் கூடாது. தடித்த பாலித்தீன் பையில் இறுகக் கட்டி இரண்டு மூன்று நாள் கடும் வெயிலில் வையுங்கள், அல்லது இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். மரத்தடி மண்ணை அவ்வப்போது கொத்திவிட்டால் கூட்டுப்புழுக்கள் மேலே வரும். அவற்றைக் கோழியும் மைனாவும் பார்த்துக்கொள்ளும்.

மாதுளையில் வட்டமான ஓட்டை, அதில் எச்சம் கசிகிறது, நாற்றம். இது ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழு. ஆண் பளபளக்கும் ஊதா நீலம், பெண் பழுப்பு. பூவிலும் பிஞ்சின் மேலும் தனித்தனி முட்டையாக வைக்கும். புழு துளைத்து உள்ளே போய் விதைகளைத் தின்னும். கொய்யாவையும் விடாது. பிஞ்சு பாக்கு அளவைத் தாண்டியதும் துணிப் பை போடுவதைத் தவிர வீட்டுத் தோட்டத்துக்கு வேறு நல்ல வழி கிடையாது. ஓட்டை விழுந்த காயைப் பறித்துப் புழுவோடு அழித்துவிட வேண்டும். மரத்தில் விட்டால் அதே புழு அடுத்த காய்க்குப் போகும்.

எலுமிச்சையிலோ மாதுளையிலோ ஊசிமுனைத் துளை, அழுத்தினால் சாறு வருகிறது, துளையைச் சுற்றிப் பழுப்பு வளையம், உள்ளே புழு இல்லை. பழச்சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சி. ஆரஞ்சு நிறப் பின்சிறகு கொண்ட பெரிய பூச்சி, இரவில் மட்டும் வரும். இதன் புழு சீந்தில் போன்ற கொடிகளில் வளர்கிறது. வேலியில் சீந்தில் படர்ந்திருந்தால், மழைக்காலத்தில் முதுகை வளைத்து உட்கார்ந்திருக்கும் கண்பொட்டுப் புழுக்களைத் தேடி எடுங்கள். மருந்துக்காக வைத்திருக்கும் கொடியை வெட்ட வேண்டியதில்லை. பழத்துக்கு உறை போட்டால் போதும்.

பழுத்த பக்கத்தில் மட்டும் குழியாகக் கொத்தப்பட்டு, மீதி கிளையிலேயே தொங்குகிறது. கொண்டைக்குருவி, குக்குறுவான், குயில். பகல் வேலை. பிஞ்சும் காயும் துண்டு துண்டாக உடைத்துக் கீழே சிந்திக் கிடக்கின்றன என்றால் பச்சைக்கிளி. தின்பதைவிடச் சிந்துவது அதிகம். இரட்டைப் பல் தடம், ஓரத்திலிருந்து சுரண்டியது என்றால் அணில். மாதுளை இரவோடிரவாகக் குடைந்து கூடாகத் தொங்கினால் எலி.

பளபளக்கும் நாடா, குறுந்தகடு, பொம்மை எல்லாம் சில நாளுக்குத்தான். கிளியும் அணிலும் சீக்கிரம் பழகிவிடும். எலிக்கு நஞ்சு வைத்தால் அந்த எலியைத் தின்னும் ஆந்தையும் சாரைப்பாம்பும் சேர்ந்து சாகும். தொட்டு மூடும் கூண்டுப் பொறி வையுங்கள். கிளியைப் பிடித்துக் கூண்டில் வளர்ப்பது காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் 1972இன்படி குற்றம் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

பழம் முழுதாகக் காணவில்லை. வேறொரு மரத்தடியிலோ திண்ணையிலோ மென்று துப்பிய சக்கை உருண்டைகள் கிடக்கின்றன. பழந்தின்னி வௌவால். பழத்தை அங்கேயே உட்கார்ந்து தின்னாது, எடுத்துப் போய் மறைவில் தொங்கிக்கொண்டு தின்னும். சப்போட்டா, கொய்யா, மா மூன்றிலும் வரும். இதற்கு மிகச் சிக்கனமான தீர்வு, மரத்தில் பழுக்க விடாமல் முற்றியதும் பறித்துவிடுவது. சப்போட்டாவின் தோலை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். அடியில் பச்சை தெரிந்தால் இன்னும் நாள் இருக்கிறது, மஞ்சள் தெரிந்தால் பறிக்கலாம். பறித்ததை வைக்கோலில் வைத்தால் சில நாளில் பழுத்துவிடும். வௌவால் பல மரங்களின் பூக்களுக்கு மகரந்தம் கடத்துவது, விதை பரப்புவது இரண்டையும் செய்கிறது. விரட்ட வேண்டிய உயிர் அல்ல.

பறவையோ வௌவாலோ அணிலோ கடித்த பழத்தைக் கடிபட்ட இடத்தை மட்டும் வெட்டிவிட்டுச் சாப்பிடும் பழக்கத்தை நிறுத்த வேண்டும். பழந்தின்னி வௌவால்கள் நிபா வைரஸைச் சுமப்பவை. 2018இல் கேரளத்தின் கோழிக்கோட்டுப் பகுதியில் அந்நோய் பல உயிர்களைப் பறித்தது. கடிபடாத பழத்தையும் கழுவி, முடிந்தால் தோல் சீவிச் சாப்பிடுங்கள்.

கைக்கு எட்டும் கிளைகளில் உறை, எட்டாத உச்சிக் கிளைகளில் ஒன்றும் வேண்டாம். மேலே திறந்து கிடக்கும் பழம் இருக்கும்வரை கீழே உறையைக் கிழிக்க அணில் அவ்வளவாக மெனக்கெடாது. வீட்டுக் கொய்யாவில் மூன்றில் ஒரு பங்கை இப்படி விட்டுவிடுவது நல்ல கணக்கு.

## பூக்கிறது, காய் பிடிக்கவில்லை

மாதுளைப் பூக்கள் கொத்தாக உதிர்கின்றன. உதிர்ந்த பூவின் அடியைப் பாருங்கள். அடி குறுகி மணி வடிவில் இருந்தால் அது ஆண் பூ. காய்க்காது, உதிர்வது இயல்பு. அடி உருண்டு குடம் போல் பருத்திருப்பதுதான் காயாகும் பூ. ஆண் பூவே மிகுதியாக வந்தால் செடிக்கு வெயில் குறைவு, அல்லது இளஞ்செடி, அல்லது தண்ணீர் ஒழுங்கில்லை. குடப் பூவும் சேர்ந்து உதிர்ந்தால் பூக்கும் காலத்தில் மருந்து தெளித்தீர்களா என்று யோசியுங்கள்.

பப்பாளி நிறையப் பூத்து, ஒன்றும் நிற்கவில்லை. நீளமான தொங்கும் காம்பில் கொத்துக் கொத்தாகச் சிறு பூ வந்தால் ஆண் மரம். தண்டோடு ஒட்டிய பெரிய தனிப் பூ வந்தும் பிஞ்சு விழுந்தால், அருகில் ஆண் மரம் இல்லாத பெண் மரம். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 2 போன்றவை ஆண், பெண் தனித்தனி மரமாக வரும் இரகங்கள். ஒரே ஒரு கன்று வைக்க இடம் இருப்பவர்கள் கோ 7 அல்லது ரெட் லேடி வாங்குவது நல்லது. அவற்றில் இருபால் பூ உள்ள மரம் தனியாகவே காய்க்கும். கோ 2 தான் வேண்டுமென்றால் ஒரு குழியில் மூன்று நான்கு கன்று வைத்து, பூத்த பிறகு பார்த்துக் களையுங்கள். இருபது பெண் மரத்துக்கு ஒரு ஆண் மரம் போதும்.

சீத்தா மரம் ஆண்டுதோறும் பூக்கிறது, நாலைந்து காய்க்கு மேல் இல்லை. இங்கே குறை மரத்தில் இல்லை. சீத்தாப் பூவில் மகரந்தத்தை ஏற்கும் பெண் பாகமான சூல்முடி முதலில் பக்குவமாகும். அதே பூ மகரந்தத்தை உதிர்க்கும்போது சூல்முடி காய்ந்திருக்கும். ஒரு பூவிலிருந்து இன்னொன்றுக்கு மகரந்தத்தைக் கொண்டுபோவது மிகச் சிறிய வண்டுகள். தேனீ இந்தப் பூவுக்குள் நுழையாது. அந்த வண்டுகள் அழுகும் பழத்திலும் மட்கும் சருகிலும் வாழ்பவை. மரத்தடியைச் சுத்தமாகப் பெருக்கி வைத்தால் அவற்றுக்கு இடமில்லை. சீத்தா அடியில் நான்கு விரல் கனத்துக்குச் சருகு கிடக்கட்டும்.

கையாலும் செய்யலாம். இதழ் முழுக்க விரிந்து, உள்ளே மகரந்தம் பழுப்பேறி உதிரும் பூக்களைப் பறித்து ஒரு காகிதத்தின் மேல் தட்டி மகரந்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இதழ் பாதி மட்டும் விரிந்து, நடுவில் உள்ள மேடு ஈரமாகப் பளபளக்கும் பூவைத் தேடி, மெல்லிய தூரிகையால் அந்த மேட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் தடவ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தடவினால் காய் கோணலாக வரும், ஏனென்றால் சீத்தாவின் ஒவ்வொரு கண்ணும் தனிச் சூலிலிருந்து வளர்வது. அதிகாலையில் செய்வது நல்லது. வெயில் ஏறினால் சூல்முடி உலர்ந்துவிடும்.

பேஷன் ஃப்ரூட் கொடி. ஊதா வகை தனியாகவே காய்க்கும். மஞ்சள் வகைக்குத் தன் மகரந்தம் ஒத்துக்கொள்ளாது. வேறு விதையிலிருந்து வந்த இன்னொரு கொடி வேண்டும். ஒரே கொடியின் துண்டுகளை நட்டு வளர்த்தால் எத்தனை கொடி இருந்தும் பயனில்லை. இந்தப் பூவுக்கு ஏற்ற ஆள் கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சுத் தேனீ. சிறு தேனீ தேனை எடுத்துக்கொண்டு மகரந்தத்தில் படாமல் போய்விடும். தச்சுத் தேனீ காய்ந்த மரத்திலும் மூங்கிலிலும் துளையிட்டு வாழும். பழைய மூங்கில் கழி இரண்டை மழை படாத இடத்தில் கிடைமட்டமாகக் கட்டிவிட்டால் வந்து தங்கும். கூட்டைக் கையால் நெருக்காதவரை கொட்டாது.

எலுமிச்சை பச்சைப்பசேலென்று இருக்கிறது, பூவே இல்லை. விதைக்கன்று என்றால் நான்கைந்து ஆண்டு பொறுக்க வேண்டும். அதற்கு மேலும் பூக்காவிட்டால் ஆறு மணி நேர வெயில் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாத்திரம் கழுவிய தண்ணீர் நாள் முழுக்கப் பாயும் இடத்தில் நிற்கும் எலுமிச்சை இலையாகவே வளரும். சற்றுக் காய்ந்து பிறகு நனைந்தால்தான் அதற்குப் பூக்கத் தோன்றும். தரையில் நிற்கும் மரத்துக்கு மூன்று வாரம் தண்ணீரை நன்றாகக் குறைத்து, இலை சோரத் தொடங்கியதும் 20 முதல் 25 கிலோ தொழு உரம் வைத்துத் தண்ணீர் பாய்ச்சினால் தளிரோடு பூவும் வரும். தொட்டிச் செடிக்கு இப்படிப் பட்டினி போடக் கூடாது, வேர் கருகிவிடும். நடுவில் முள்ளோடு செங்குத்தாக ஓடும் நீர்ப்போத்துகளை அடியோடு வெட்டுங்கள்.

கொய்யா புதுத் தளிரில்தான் பூக்கும். அறுவடை முடிந்ததும் ஒவ்வொரு கிளையின் நுனியிலும் 10 முதல் 15 செ.மீ. வெட்டிவிடுங்கள். நெட்டுக்குத்தாகப் போன கிளையை வளைத்துக் கயிற்றால் தரையோடு இழுத்துக் கட்டினால் அதன் முதுகில் பக்கத் தளிர் வரிசையாகக் கிளம்பிப் பூக்கும்.

## காய் வெடிக்கிறது

மாதுளையும் எலுமிச்சையும் வெடிப்பதற்கு முதல் காரணம் தண்ணீர் ஒழுங்கின்மை. காய்ந்து கிடந்த செடிக்குத் திடீரென்று நிறையத் தண்ணீர் கிடைத்தால் உள்சதை பெருக்கும், தோல் ஈடுகொடுக்காது. காய் பெருக்கும் இரண்டு மாதமும் மண் ஒரே ஈரத்தில் இருக்க வேண்டும். மண்ணின் மேல் சருகோ வைக்கோலோ மூன்று அங்குல மூடாக்காகப் போட்டால் பாதிக் கவலை தீரும். ஒழுங்காகத் தண்ணீர் விட்டும் வெடித்தால் போரான் குறைவாக இருக்கலாம். லிட்டருக்கு 2 கிராம் போராக்ஸ் கரைத்து, பிஞ்சுப் பருவத்தில் ஒருமுறை தெளிக்கலாம். அளவு கூடினால் இலை ஓரம் கருகும்.

## இலையில் தெரியும் குறிகள்

எலுமிச்சைத் தளிரில் வெள்ளிக் கோடு வளைந்து வளைந்து ஓடுகிறது, இலை சுருள்கிறது. இலைச் சுரங்கப் புழு. இலையின் இரு தோல்களுக்கு நடுவே ஓடுவதால் மேலே தெளிப்பது சரியாக எட்டாது. முற்றிய இலையைத் தொடாது. தளிர் வரும் வாரத்தில் மட்டும் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்தால் புதிய முட்டைகள் குறையும். வளர்ந்த மரம் இதைத் தாங்கிக்கொள்ளும், ஒன்றும் செய்யாமல் விடலாம். ஆனால் அந்தக் கோட்டின் காயத்தில் சொறி நோய்க் கிருமி நுழையும். இலையிலும் காயிலும் மஞ்சள் வளையத்தோடு சொரசொரப்பான பழுப்புத் திட்டு வந்தால் அதுதான். மழைக்கு முன் சொறி பிடித்த குச்சிகளை வெட்டி எரித்து, லிட்டருக்கு 3 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு தெளியுங்கள்.

புது இலை சிறுத்து, நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும். எலுமிச்சையில் பெரும்பாலும் துத்தநாகக் குறை. லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட், 2.5 கிராம் நீர்த்த சுண்ணாம்பு சேர்த்து வடிகட்டி, இலை விரிந்த பிறகு தெளிக்க வேண்டும். இதே அறிகுறி மல்லிகையில் வந்து, இலை சிறுக்காமல் வெளிறி வெள்ளையாகப் போனால் இரும்புக் குறை. அன்னபேதி (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பசுமை திரும்பும்வரை. உப்புக் கலந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பாயும் தோட்டங்களில் இரண்டுமே அடிக்கடி வரும். மழைத் தண்ணீரைச் சேர்த்துவைத்து விடுவது இதற்கு நீண்ட நாள் மருந்து.

கறிவேப்பிலை, எலுமிச்சை இலைகள் நரம்பு மட்டும் மிச்சம். இலைமேல் பறவை எச்சம் போல் ஒன்று நகர்கிறது. அழகிகள் குடும்பத்து வண்ணத்துப்பூச்சியின் புழு. சிறு வயதில் கறுப்பும் வெள்ளையுமாக எச்சம் போல் இருந்து, பிறகு பச்சையாகும். தொட்டால் தலைக்குப் பின்னிருந்து கவைக் கொம்பு ஒன்று நீட்டி நாற்றம் விடும். மனிதரை ஒன்றும் செய்யாது. இரண்டடிக் கன்றை இரண்டு புழு மொட்டையடித்துவிடும் என்பது உண்மை. எனவே சிறு கன்றுக்குக் கொசுவலைத் துணி போர்த்துங்கள், வளர்ந்த மரத்துக்கு ஒன்றும் வேண்டாம். கன்றில் கண்ட புழுவை இலையோடு கிள்ளிப் பெரிய எலுமிச்சை மரத்தில் விடலாம். முட்டையிலிருந்து வண்ணத்துப்பூச்சியாக ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். அதில் இலை தின்னும் காலம் இரண்டு வாரம்தான். பெரும்பாலான புழுக்களைத் தையல்சிட்டும் குளவியும் அதற்குள் எடுத்துப் போய்விடும்.

ரோஜா இலை ஓரத்தில் சுத்தமான அரைவட்ட வெட்டு. இலைவெட்டித் தேனீ. தின்பதற்கு அல்ல, கூட்டுக்குள் குஞ்சு அறை கட்ட எடுத்துப் போகிறது. செடிக்குக் கேடு இல்லை, காய்கறிப் பூக்களுக்கு நல்ல துணை. எதுவும் தெளிக்காதீர்கள்.

தண்டிலும் காம்பிலும் வெள்ளைப் பஞ்சு. மாவுப்பூச்சி. ஆனால் கையில் எடுத்துப் பாருங்கள். மெழுகு இழை நீளமாகத் தொங்க, அரை அங்குலம் வரை வளர்ந்து, குச்சியால் தொட்டால் விறுவிறுவென்று நடந்தால் அது மாவுப்பூச்சி இல்லை, மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழு. உருவத்தில் இரையைப் போலவே இருப்பதால் பலர் அதைத்தான் முதலில் நசுக்குகிறார்கள். அது நான்கைந்து தெரிந்தால் இரண்டு வாரம் எதையும் தெளிக்காமல் விடுங்கள்.

இயற்கை எதிரி எவ்வளவு செய்யும் என்பதைத் தமிழ்நாடு கண்ணாரப் பார்த்திருக்கிறது. 2008இல் கோயம்புத்தூரில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று பரவி மருந்துக்கு அடங்காமல் நின்றது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட ஒட்டுண்ணிக் குளவிகள்தான் அதை அடக்கின.

எதிரிப் பூச்சி இல்லையென்றால் முதலில் எறும்பை நிறுத்த வேண்டும். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், பொறிவண்டை விரட்டும். அடித்தண்டில் நான்கு விரல் அகலத்துக்குப் பாலித்தீன் பட்டை சுற்றி அதன் மேல் கிரீஸ் தடவுங்கள். தண்டின் மேல் நேராகத் தடவினால் மரப்பட்டை கெடும். வேறு மரத்தின் கிளையோ கொடிக்கயிறோ தொட்டுக்கொண்டிருந்தால் எறும்பு அந்த வழியாக ஏறிவிடும், அதையும் வெட்டுங்கள். பிறகு தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்துப் பஞ்சைக் கழுவுங்கள். மிஞ்சியதற்கு மட்டும் வேப்பெண்ணெய்: ஒரு லிட்டருக்கு எண்ணெய் 5 மி.லி., காதி சோப்புக் கரைசல் 2 மி.லி. முதலில் வெதுவெதுப்பான நீர் கொஞ்சத்தில் சோப்பைக் கரைத்து, எண்ணெயை விட்டுப் பால் போல் ஆகும்வரை அடித்து, அதன் பிறகே மீதி நீர் சேர்க்க வேண்டும். வரிசை மாறினால் எண்ணெய் மேலே மிதந்து, தெளிக்கும் இலையைக் கருக்கும். மாலை ஐந்து மணிக்கு மேல், பூக்களை விட்டு, பூச்சி இருக்கும் இடத்தில் மட்டும்.

## மல்லிகை மொட்டு கெடுகிறது

மொட்டில் வட்டத் துளையும் மொட்டுகளைச் சேர்த்துக் கட்டிய நூலாம்படையும் இருந்தால் மொட்டுப் புழு. மொட்டு விரியாமல், அடி வீங்கி ஊதா படிந்து வாடினால் மொட்டு ஈ. இரண்டுக்கும் கெட்ட மொட்டைச் செடியில் விடாமல் தினமும் கிள்ளி அழிப்பது முதல் வேலை. மொட்டு ஈயின் புழு மண்ணில் விழுந்துதான் கூடு கட்டும். செடியடியைக் கொத்தி வேப்பம் பிண்ணாக்கு இரண்டு கைப்பிடி போட்டுக் கிளறுங்கள்.

மொட்டே வைக்காமல் கொடியாக ஓடினால் கவாத்து தவறியிருக்கும். குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்ட வேண்டும். ஜாதிமல்லிக்கு டிசம்பர், முல்லைக்கு ஜனவரி. வெட்டிய பின் தொழு உரம் வைத்துத் தண்ணீர் விட்டால் மார்ச்சிலிருந்து குண்டுமல்லி அள்ளித் தரும்.

## செம்பருத்திப் பூவின் அடியில் கீறல். தேன்சிட்டு வந்தும் கூடு கட்டவில்லை

பூவின் காம்புப் பக்கம் சிறு பிளவு இருந்தால் தேன்சிட்டு வெளியிலிருந்து அலகால் குத்தித் தேன் எடுத்திருக்கிறது. பூவுக்குச் சேதம் இல்லை. செம்பருத்தி, இட்லிப்பூ, வாழைப்பூ, கல்யாண முருங்கை இருக்கும் வீட்டுக்கு அது நிச்சயம் வரும்.

வந்து குடித்துவிட்டுப் போகிறது, தங்குவதில்லை என்றால் தோட்டத்தில் சிலந்தி இருக்கிறதா என்று பாருங்கள். தேன்சிட்டு கூட்டை ஒட்டுவது சிலந்தி நூலால். குஞ்சுக்கு ஊட்டுவது சிலந்தியும் சிறு பூச்சிகளும். செடிகளை மருந்தால் துடைத்து வைத்த தோட்டத்தில் அதற்குத் தேன் உண்டு, வீடு கட்டப் பொருளும் பிள்ளைக்குச் சோறும் இல்லை. மருந்தை நிறுத்தி, கொடிகளுக்கு நடுவில் ஒட்டடை அடிப்பதையும் விட்டால் நிலைமை மாறும். சர்க்கரைத் தண்ணீர் வைக்க வேண்டாம். நம் வெயிலில் சில மணி நேரத்தில் புளித்துவிடும்.

## பூ நிறைய இருந்தும் வண்ணத்துப்பூச்சி குறைவு

பூ கொடுப்பது தேன் மட்டுமே. முட்டை வைக்க ஒவ்வோர் இனத்துக்கும் தனிச் செடி வேண்டும். எருக்கு இருந்தால் வெந்தய வரியன், அரளியில் வெண்புள்ளிக் கருப்பன், நெட்டிலிங்கத்தில் வால் வைத்த பச்சைப்பொட்டு அழகி, ஆடுதின்னாப்பாளையில் சிவப்பு உடல் கொண்ட ரோஜா அழகிகள், சரக்கொன்றையில் மஞ்சள் வலசையான்கள். களை என்று பிடுங்கும் தேள்கொடுக்கில் ஆண் வரியன்கள் கூட்டமாக வந்து உட்காரும். பெண்ணைக் கவரும் மணத்துக்கான பொருளை அதிலிருந்துதான் எடுக்கின்றன. இந்தச் செடிகளில் ஒன்றிரண்டைக் கொல்லைப்புற மூலையில் விட்டுவைத்து, அவற்றின் மேல் வேப்பெண்ணெய்கூடப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எருக்கின் பால் கண்ணில் பட்டால் கேடு என்பதால் பிள்ளைகள் விளையாடும் பக்கம் வேண்டாம். ஓர் ஓரத்தில் ஈர மண் எப்போதும் இருந்தால் உப்பு உறிஞ்ச ஆண் பூச்சிகள் இறங்கும்.

## பறவைத் தண்ணீர்த் தட்டில் கொசுப் புழு

நெளியும் புழு தெரிந்தால் தண்ணீரை மாற்றுவது மட்டும் போதாது. டெங்கு பரப்பும் கொசு, தட்டின் சுவரில் நீர்க்கோட்டுக்கு மேலே முட்டையை ஒட்டவைக்கும். முட்டை காய்ந்தும் பல மாதம் பிழைத்திருக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டி, தேங்காய் நாரால் உள்சுவரைத் தேய்த்துக் கழுவி நிரப்புங்கள். மண் தட்டு, இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் இல்லாமல், நடுவில் ஒரு கல். பூனை பதுங்க முடியாதபடி புதரிலிருந்து ஆறடி தள்ளி வையுங்கள்.

## மழைக்காலத்தில் நாற்றுகள் ஒரே இரவில் காலி

கை அளவு பழுப்பு நத்தையும் வெள்ளிச் சளித் தடமும் கண்டால் ஆப்பிரிக்க நத்தை. நனைத்த சாக்கின் அடியில் பப்பாளி இலை போட்டு வைத்தால் விடியும்போது கூடியிருக்கும். கையுறை இல்லாமல் தொடக் கூடாது, மனிதருக்குக் கேடு தரும் புழுவைச் சுமக்கும். வாளியில் உப்புக் கரைசலில் போடுங்கள். மண்ணில் உப்புத் தூவினால் செடிதான் சாகும்.

## பாம்பு தெரிந்தது

பூண்டு, ஃபினைல், உப்பு எதுவும் பாம்பைத் தடுக்காது. அது எலிக்கும் தவளைக்கும் வருகிறது. சிந்திய தானியம், அழுகும் பழம், சுவரோரம் குவித்த செங்கல், ஓலை ஆகியவற்றை அகற்றினால் எலி குறையும், பாம்பும் குறையும். மண்ணைத் தொடும் கீழ்க்கிளைகளை ஒரு முழம் உயரத்துக்கு வெட்டிவிட்டால் தரை கண்ணுக்குத் தெரியும். எந்தப் பாம்பென்று உறுதியாகத் தெரியாதவரை தள்ளி நின்று, வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ சொல்லுங்கள்.

## கவாத்துக் கிளையில் கூடு, வலையில் வௌவால்

தையல்சிட்டு இரண்டு இலையைத் தைத்த கூடும் தேன்சிட்டின் தொங்கும் கூடும் எலுமிச்சை, மாதுளைக் கிளைகளில் அடிக்கடி இருக்கும். முட்டையிலிருந்து குஞ்சு பறக்க ஏறத்தாழ ஒரு மாதம். அந்தக் கிளையை மட்டும் விட்டு மற்றதை வெட்டுங்கள். கூட்டை மறைக்கும் பக்கத்து இலைகளையும் விட வேண்டும், இல்லாவிட்டால் காகமும் செண்பகமும் கண்டுபிடித்துவிடும்.

மரம் முழுக்க மூடும் மெல்லிய நைலான் நரம்பு வலையை வாங்கவே வேண்டாம். இரவில் அது கண்ணுக்குத் தெரியாது, வௌவாலும் ஆந்தையும் பாம்பும் சிக்கிச் சாகும். வலைதான் வேண்டுமென்றால் சுண்டுவிரல் நுழையாத சிறு கண் கொண்ட, வெள்ளை நிற நெய்த வலையைத் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். ஏதேனும் சிக்கிவிட்டால் வெறும் கையால் தொடாதீர்கள். தடித்த துணியைப் போர்த்தி அசைவை அடக்கி, உயிரை இழுக்காமல் வலையை அதைச் சுற்றி வெட்டி எடுங்கள். காயம் இருந்தால் காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் வைத்து வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.